மகவருள் படலமும் மருத்துவமனை வாயிலும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் மூன்றாம் திங்களில்தான் காப்புப் பருவத்தைத் தொடங்குகின்றனர். பத்துப் பருவங்களைப் பாடும் அவர்கள் குழந்தை பிறந்த நாளைத் தனிப் பருவமாகப் பாடுவதில்லை. புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் பெற்று வளர்ப்பதைத் தாய்க்கும், பண்பில் உயர்த்துவதைத் தந்தைக்கும் பகுத்தளித்தார். அப்பகுப்பின்படி தந்தையின் பணி பிறகே தொடங்குகிறது. பிறக்கும் நாளில் அவனுக்கு என்ன இடம் என்ற வினாவிற்கு நம் இலக்கிய மரபு பெரும்பாலும் விடை கூறுவதில்லை.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இராயபுரத்தில் 1880ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை, மக்கள் நாவில் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி, வடசென்னையில் பல தலைமுறைகளுக்குப் பிறந்த வீடு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவோர், காசிமேட்டுப் படகுத் தொழிலாளர், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர் எனப் பலரும் இத்தகைய வாயில்களில் காத்து நிற்கின்றனர். கையில் பிளாஸ்க்கும் துணிப்பையும் இருக்க, செவி மட்டும் உள்ளிருந்து வரும் அழைப்பில் இருக்கும். பாரம் சுமந்து பழகிய தோளுக்கு அங்கே சுமக்க ஒன்றுமில்லை.

இம்மனிதனைக் கையில் ஏந்திக்கொண்டுதான் தேம்பாவணியை மீண்டும் படிக்க வேண்டும் என்பேன். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய இக்காப்பியம் 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் கொண்டது. நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரை, வளன் என்னும் தமிழ்ப் பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கினார் முனிவர். அவனது கலக்கத்திற்கு ஐயந்தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரண்டு படலங்களை ஒதுக்கினார். பின்னரே மகவருள் படலம் வருகிறது. அத்தலைப்பே ஒரு மறையுரை. மகவு ஈட்டிய பொருளன்று, அருளப்பெற்றது. ஐயத்தைக் கடந்து ஏற்றுக்கொள்பவனே தந்தை என்பதைப் படலங்களின் வரிசையாலேயே முனிவர் உணர்த்திவிடுகிறார்.

குறையும் உண்டு. அணிகளும் வருணனைகளும் பெருகுமிடத்தில் தச்சனின் களைத்த முகம் மறைந்துபோகிறது. தூய லூக்கா ஒரே வாக்கியத்தில் காட்டிய தீவனத் தொட்டியின் வறுமை, காப்பிய ஒளியில் சற்றே மங்குகிறது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவன், தன் முகத்தை அங்கே தேடித்தான் காணவேண்டும்.

சூசையப்பர் வளர்ப்புத் தந்தையாயிற்றே, குருதி உறவுடைய தந்தைக்கு அவர் எவ்வாறு முன்மாதிரியாவார் என்று சிலர் கேட்கலாம். பிரசவ வேளையில் அக்குருதி உறவால் கணவன் செய்யக்கூடியது என்ன? மனைவியின் வலியை அவன் பகிர இயலாது. முடிவை விரைவுபடுத்தவும் இயலாது. நம்பி நிற்பது ஒன்றே அவனுக்கு எஞ்சியது. அந்நிலையில் ஒவ்வொரு தந்தையும் சூசையே.

தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் இருக்க வழி செய்யப்பட்டது. பிற பெண்களின் மறைவு காக்கப்படும் இடங்களில் கணவனையும் அனுமதிக்கலாம் என 2016இல் மத்திய அரசு வழிகாட்டியது. பல தாய்மார் ஒருங்கே இருக்கும் அறையில் ஆடவரை நிறுத்திவைப்பது முறையே. ஆனால் திருச்சபையில் அத்தகைய கதவு இல்லை. 1969இல் திருத்தப்பெற்ற குழந்தைத் திருமுழுக்குச் சடங்கு, பெற்றோரிடமே பெயரைக் கேட்கிறது. குழந்தையின் நெற்றியில் சிலுவை வரையத் தந்தையையும் அழைக்கிறது. இறுதியில் அவனுக்கெனத் தனி ஆசியும் வழங்குகிறது. அவனோ பல வேளைகளில் விருந்து ஏற்பாட்டிலும் புகைப்படக்காரர் அருகிலும் நின்றுவிடுகிறான்.

திருமுழுக்கு ஆயத்தத்தின்போது மகவருள் படலத்தின் சில பாடல்களைப் பொருளுரைத்துத் தந்தையர்க்குப் படித்துக் காட்டலாம். அறிஞர் அவையில் ஆராயப்படும் நூல், அன்று தனக்குரிய வாசகனைக் கண்டடையும்.