துப்பறிவாளன் இல்லாத நாவல்கள்

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொலைக்காகத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் விடிய விடிய வாதாட ஆள் இருக்கிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களில் ஒருவர் நந்தினி என்பார், இன்னொருவர் பழுவேட்டரையர் என்பார், மூன்றாமவர் ரவிதாசன் கூட்டம் என்பார். கல்கி அதைத் திட்டவட்டமாக முடித்துவைக்கவில்லை. ஆனால் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் பொறித்தது, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர்களையே தருகிறது. அவர்கள் நிலமும் உற்றார் உறவினர் நிலமும் பறிமுதலாகி விலைபோன செய்தியும் அதில் உண்டு. அந்தக் கொலைக்கு ஒரு கல்லாவது சாட்சி நிற்கிறது.

இந்த மழைக்காலம் முழுக்க நாவல்களாகவே படித்தேன். பழைய சரித்திரக் கதைகளை மறுபடி எடுத்தேன்; துப்பறியும் கதைகளில் விட்டுப்போனவற்றைத் தேடிப் பிடித்தேன்; சமகால நாவல்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்ததையும் இலங்கையிலிருந்து வந்ததையும் மாற்றி மாற்றி வாசித்தேன். இந்த மூன்று வகைக்கும் நடுவே நாம் போட்டுவைத்திருக்கும் வேலி, இலங்கை நாவல்களுக்குள் போனதும் நிற்கவில்லை. அங்கே சமகால நாவலே வரலாற்று நாவலாகவும் இருக்கிறது, ஒரு கொலையை விசாரிக்கும் நாவலாகவும் இருக்கிறது. விசாரிக்க வேண்டிய அதிகாரி மட்டும் அதில் இல்லை.

தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, திருகோணமலைக்காரர். அச்சானது சென்னையில். கதை நடப்பது திருச்சி, தஞ்சை நாயக்கர் காலத்தில். ஈழத்தில் பிறந்தவர் தொடங்கிவைத்த இந்த வகையைப் பிறகு தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டன. கல்கி, சாண்டில்யன், அகிலன் எல்லாரும் தொடர்கதையாகவே எழுதினார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் ஓவியங்களோடு தைத்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. அப்படியொரு தொகுப்பைப் புரட்டினால், கதைப் பக்கத்தின் பின்புறம் தைல விளம்பரமும் நகைச்சுவைத் துணுக்கும் இருக்கும். வாரம் மாறும் இடத்தில் தாளின் நிறம் மாறும். ஓர் அத்தியாயம் தொலைந்திருந்தால் வீட்டுப் பெரியவர் யாராவது அதை வாயால் சொல்லி நிரப்புவார்.

இந்த முறை என் கண் நின்றது இலங்கைப் பகுதிகளில். சோழ இளவரசன் அருள்மொழி அங்கே போரில் இடிந்த விகாரங்களைச் செப்பனிடுகிறான். பிக்குகள் நள்ளிரவில் தர முன்வந்த சிம்மாசனத்தை வேண்டாம் என்கிறான். மகாவம்சத்தின் பிற்பகுதியைப் படித்தால், சோழப் படை விகாரங்களை உடைத்துச் செல்வத்தை அள்ளிப் போனதாக இருக்கிறது. அகிலனுக்கு 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘வேங்கையின் மைந்தன்’, ஈழத்தில் ஒளித்து வைக்கப்பட்ட பாண்டியர் மணிமுடியை ராஜேந்திரன் மீட்டு வருகிற கதை. இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான் என்பது வரலாறு. தஞ்சாவூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர் படையோடு கப்பலேறிப் போய், வெற்றியோடு திரும்பிவிடலாம். திருகோணமலையில் படிக்கிறவர் அந்தக் கரையிலேயே வாழ வேண்டியவர். அவருடைய சிங்கள அயலவர் அதே போரை வேறொரு நூலில் படித்து வளர்ந்தவர். ஒரே நாவலை இருவரும் ஒரே மாதிரி படிக்க முடியாது என்பதைத் தமிழ்நாட்டில் நாம் இன்னும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கல்கியிடம் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது மந்தாகினி. மொத்தக் கதையின் ரகசியத்தையும் சுமப்பவள் அவள். ஈழத்து ராணி என்று கதை அவளை அழைக்கிறது. அவளால் பேச முடியாது. தனக்கு நடந்ததை அவள் சித்திரமாக வரைந்து காட்ட, அருள்மொழி அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான்.

இலங்கையில் அரசர் கதை எழுதப்படாமல் இல்லை. 1619இல் போர்த்துக்கேயரிடம் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்ததும் சங்கிலி மன்னனின் முடிவும் நாடகமாகவும் கதையாகவும் வந்திருக்கின்றன. ஆனாலும் அங்கே ஆழமாக வேர்பிடித்த வரலாற்று எழுத்து வேறு. கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலை 1972இல் வெளியிட்டபோது யாழ்ப்பாணத்தில் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் நுழையும் உரிமைக்காக நடந்த போராட்டங்களின் சூடு ஆறவில்லை. சயந்தனின் ‘ஆதிரை’ (2015), 1977 கலவரம் விரட்டியடித்த மலையகத்து மக்கள் வன்னியில் காடு திருத்திக் குடியேறியதில் தொடங்கி 2009 முள்ளிவாய்க்கால் வரை போகிறது. இந்த வரலாற்றில் வருகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிழையாக எழுதினால் நேரில் வந்து கேட்பார்கள். தமிழ்நாட்டிலும் பிரபஞ்சன், பூமணி போன்றவர்கள் அரண்மனையை விட்டு வெளியே வந்து எழுதினார்கள். ‘அஞ்ஞாடி’யில் வரும் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் குடியானவர்களின் வரலாறுதான். ஆனால் அவற்றுக்கும் நமக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளி எழுதுகிறவருக்கு ஒரு பாதுகாப்பு. சயந்தனுக்கு அது கிடையாது.

துப்பறியும் கதைக்கு வந்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட மரபு: ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு, பிறகு தேநீர்க் கோப்பையும் கையுமாக உலகம் சுற்றிய தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத நாவலை வாங்கினால், ஊர் போய்ச் சேர்வதற்குள் கொலையாளி பிடிபட்டுவிடுவான். இவற்றைப் பொழுதுபோக்குக் குப்பை என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கதைகளுக்குள் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. தடயம் இருந்தால் உண்மை வெளியே வரும், உண்மை வெளியே வந்தால் நீதிமன்றம் காது கொடுக்கும் என்ற நம்பிக்கை அது. ‘கொலையுதிர் கால’த்தில் சுஜாதா அதைக் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்க்கிறார். ஒரு பண்ணை வீடு, லீனா என்ற வாரிசுப் பெண், சொத்து, நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்ற திகில். வசந்த் பேய்ப் பக்கம் சாயும்போதும் கணேஷ் பகுத்தறிவை விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தே தீரும் என்று அவன் பிடிவாதமாக நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கணேஷ் ஒரு வக்கீல் என்பதை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது என்றது 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவு. அடித்து வாங்கியதை நீதிமன்றத்தில் நீட்ட முடியாது என்பதால்தான் தடயம் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் கதையில் துப்பறிவாளனுக்கு வேலை இருக்கிறது. இலங்கையின் 1895ஆம் ஆண்டு சாட்சியக் கட்டளைச் சட்டமும் தன் 25ஆம் பிரிவில் இதையே சொன்னது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்றது. கையெழுத்து வாங்கினால் போதும் என்றாகிவிட்ட இடத்தில் கைரேகை யாருக்கு வேண்டும்? இந்தியாவிலும் தடா சட்டம் இதே வாசலைத் திறந்தது, 1995இல் காலாவதியானது. இலங்கையில் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள்.

ஈழத் தமிழுக்கு மர்மக் கதை அந்நியம் இல்லை. சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885), இலங்கையின் முதல் தமிழ் நாவல், எகிப்தில் பிறந்து கடத்தப்பட்ட ஒரு பிள்ளையின் கதை. மறைந்து கிடக்கும் பிறப்பு ரகசியம்தான் அதை நகர்த்துகிறது. பிற்காலத்தில் ‘மித்திரன்’ நாளிதழின் விறுவிறுப்பான தொடர்களுக்கென்றே ஒரு வாசகர் கூட்டம் இருந்தது. அந்த ஓட்டம் பெரிதாக வளராததற்குச் சந்தை சிறியது என்ற காரணத்தைச் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் மகன் வீடு திரும்பவில்லை என்றால், பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்கோ என்று ஒரு கதாபாத்திரம் பேசுவதை எந்த வாசகர் நம்பியிருப்பார்?

ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) ஒரு கச்சிதமான துப்பறியும் கதைபோலத்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ஓர் ஈழக் குடும்பம். பதின்வயதுப் பெண் நிறமி கருவுற்றிருக்கிறாள். காரணம் யார் என்று சொல்ல மறுக்கிறாள். நாவல் அந்தக் கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, தகப்பன் நேசகுமாரனின் பழைய வாழ்க்கைக்குள் போகிறது. 1983 ஜூலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வெலிக்கடைச் சிறைக்குள் போகிறது. அங்கிருந்து தப்பிப் பிழைத்தவனின் சாட்சியத்தை நெஞ்சு பதறக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிறகு நாவல் தொடக்கத்துக் கேள்விக்குத் திரும்பும்போது, கொடுமைக்கு உள்ளானவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நாம் எடுத்துக்கொண்டிருந்தது நொறுங்குகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. தமிழில் இவ்வளவு கடுமையான ஒரு விசாரணையை வேறு எந்த நாவலிலும் நான் படித்ததில்லை.

ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையரிடமும் இதே போக்கைக் காண்கிறேன். 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் நாவலில், 1990 வாக்கில் கொழும்பில் கொல்லப்பட்ட போர்ப் புகைப்படக்காரர் மாலி அல்மேதா, தன்னைக் கொன்றது யார் என்று செத்த பிறகு தானே தேடுகிறார். அவருக்கு ஏழு இரவுகள்தான் அவகாசம். இதைக் கற்பனையின் துணிச்சல் என்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கோ அது நடப்புக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றியது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன் போராடத் தொடங்கிய தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தித் தங்கள் விசாரணையைத் தாங்களே நடத்துகிறவர்கள். அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாஸேஜ் நார்த்’ இன்னும் அடங்கிய குரலில் பேசுகிறது. போரில் இரண்டு பிள்ளைகளையும் இழந்த ராணி, தன் ஊர்க் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் என்று தொலைபேசி வருகிறது. தவறி விழுந்தாளா, தானே விழுந்தாளா? கிருஷன் கொழும்பிலிருந்து ரயிலேறிப் போய் ஈமச்சடங்கில் நிற்கிறான். விடை கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டுச் சமகால நாவலிலும் துப்பறிவாளன் தோற்கிறான், காரணம் வேறு. இமையத்தின் ‘செல்லாத பண’த்தில் தலைமையாசிரியரின் மகள் ரேவதி, தன் விருப்பப்படி ஆட்டோ ஓட்டுநர் ரவியை மணந்தவள், உடல் கருகி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். அவளாகக் கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? வராந்தாவில் உறவுக்காரர்கள் பேசுகிறார்கள், அழுகிறார்கள், ஒருவரை ஒருவர் குத்திக் கிழிக்கிறார்கள். எழுதிக்கொள்ளப் போலீஸ் தயாராகத்தான் இருக்கிறது. பேரக் குழந்தைகளையும் குடும்ப மானத்தையும் நினைத்துத் தத்தளிப்பது வீட்டார்தான். இலங்கை நாவலில் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் உண்மையை மறைக்கிறார்கள். இங்கே கதவுக்கு உள்ளே இருப்பவர்கள். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி குண்டூரில் அடிபட்டவரின் எழுத்து அது. வெற்றிமாறன் ‘விசாரணை’ எடுத்தது இதை வைத்துத்தான். அதைப் படித்து முடித்த கையோடு ஒரு மாத நாவலைத் திறந்தால், சிரித்த முகத்தோடு விசாரிக்கும் இன்ஸ்பெக்டரை ஏற்க மனம் வரவில்லை.

சயந்தனின் ‘ஆறாவடு’வையும் (2011) சொல்லியாக வேண்டும். இலங்கையிலிருந்து இத்தாலிக்குப் படகில் போகிறவர்களின் கதை. கடைசியில் ஒரு செயற்கைக் கால் கடலில் மிதந்து எரித்திரியக் கரையில் ஒதுங்குகிறது. அங்கே வேறொரு போரில் காலிழந்த ஒருவருக்குப் பயன்படுகிறது. துப்பறியும் கதை என்றால் இதுதான் முக்கியத் தடயம்: யாருடைய கால், எந்தப் படகு, மற்றவர்கள் எங்கே? இந்த நாவலில் அதைக் கேட்க யாரும் வருவதில்லை. காலை எடுத்து இன்னொருவர் நடக்கிறார்.

எழுபதுகளில் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இலங்கையில் சொந்தமாக ஒரு வாசிப்பு பெருகியது. வீரகேசரி பிரசுரங்கள் வந்தன. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ போன்றவை வீடுவீடாகப் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவை சுமார் 97,000 நூல்கள். இன்று ஈழத்து, புலம்பெயர்ந்த எழுத்தாளர்களின் நாவல்களில் பல தமிழ்நாட்டில் அச்சாகின்றன. ஆனால் நம் புத்தகக் கடைகளிலும் சென்னைப் புத்தகக் காட்சி அரங்குகளிலும் அவற்றை ‘ஈழ இலக்கியம்’ என்று தனி அடுக்கில் ஒதுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. போரைப் பற்றி அறிய விரும்புகிறவர் மட்டும் அந்தப் பக்கம் போகிறார். ‘ஆதிரை’யை ‘வேங்கையின் மைந்த’னுக்குப் பக்கத்திலும், ‘ம்’ நாவலைக் ‘கொலையுதிர் கால’த்துக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டும். சுஜாதாவைத் தேடி வரும் கல்லூரி மாணவர் கை தவறியாவது ஷோபாசக்தியை எடுத்துப் பிரிக்கட்டும். முதல் சில பக்கங்களிலேயே ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொள்ளும். மீதியை அந்த நாவல் பார்த்துக்கொள்ளும்.