சாட்சியின் சொல்லும் அவையின் செவியும்

சேக்கிழார் சுவாமிகள் சோழர்க்கு அமைச்சராய் அமர்ந்து அரசியல் நடத்தியவர் என்று அவர் வரலாறு கூறும். அவ்வனுபவம் திருத்தொண்டர் புராணத்துள் விளங்கித் தோன்றும் இடங்களில், வழக்காராய்ச்சி பற்றியன இரண்டு. ஒன்று, திருவெண்ணெய்நல்லூர் அவையில் நம்பியாரூரர்மேல் முதிய வேதியர் தொடுத்த அடிமை வழக்கு. மற்றொன்று, தில்லை அந்தணர் அவையில் திருநீலகண்டக் குயவனார்மேல் சிவயோகியார் தொடுத்த ஓட்டு வழக்கு. பேசுவோரின் சொல்லும் குலமும் கோலமும் அவையின் செவியை எவ்வளவு தூரம் திருப்பும் என்பதே இவ்விரண்டிடத்தும் உள்ளீடாய் நிற்கும் வினா.

இரண்டு வழக்கிலும் வழக்காளி இறைவரே ஆகலின், அவையின் நெறியை ஆராய்தல் மிகையென்பாரும் உளர். அது பொருந்தாது. வந்தவர் யாரென்பது நூலைக் கற்போர்க்குத் தெரியும், அவையத்தார்க்குத் தெரியாது. தெரியாத நிலையில் அவர்கள் எதனைக் கொண்டு எதனைத் தள்ளினர் என்பதைச் சேக்கிழார் படிப்படியாகக் காட்டியிருப்பது நாம் ஆராய்ந்து அறிதற்பொருட்டேயன்றி வேறென்னை?

திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் இருதிறத்தார் நிலையையும் முதற்கண் நோக்குக. ஒரு புறம் நம்பியாரூரர்: ஆதிசைவ மரபினர், நரசிங்கமுனையர் என்னும் அரசர் அன்பினால் மகனாய் வளர்க்கப்பெற்றவர், மணக்கோலத்தோடு நிற்பவர். மற்றொரு புறம் தண்டும் குடையும் தாங்கித் தளர்ந்து வந்த கிழவர். இவர் பேச்சோ கேட்டார் எல்லாரையும் நகைக்கச் செய்வது. அந்தணன் ஒருவன் மற்றோர் அந்தணனுக்கு அடிமை என்பது அந்நாள் வழக்கிற்கே முரணானது. நம்பியாரூரர் அவரைப் பித்தர் என்று இகழ்ந்தார். சாட்சியின் மதிப்பைக் குலைக்க வேண்டுவோர் எக்காலத்தும் முதலில் எடுக்கும் படைக்கலம் இதுவே: சொல்லுக்கு விடை கூறாது சொன்னவனைப் பழித்தல். கிழவரோ அப்பழிக்கு மறுமொழி தேடினாரல்லர்; பித்தனென்றாலும் பேயென்றாலும் நாணமில்லை எனத் தள்ளிவிட்டுத் தம் வழக்கிலேயே நின்றார்.

அவையத்தாரும் நம்பியாரூரர் கூறிய தடையையே முதலில் கூறினர். அந்தணர் அடிமையாதல் உலகில் இல்லையென்றனர். இது குலத்தைப் பற்றிய முற்கோள். ஆயினும் அவர்கள் அதனோடு வழக்கை முடித்துவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் உம் கூற்றை நிறுவுக என்று கேட்டனர். இங்கேதான் அவை தன் பெருமையைப் பெறுகின்றது. ஆளை நோக்கிய கண்ணை அவர்கள் ஓலையின்மேல் திருப்பினார்கள்.

ஓலை அவைக்கு வந்தபின் நிகழ்ந்தவற்றை இக்காலத்து வழக்கறிஞர் ஒருவர் படித்தால் வியப்பார். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை தனியே உளது. கரணத்தான் அதனை விரித்துப் படிக்கின்றான். மேலெழுத்திட்டோர் தத்தம் எழுத்தைப் பார்த்து ஒப்புகின்றனர். பாட்டனாரின் கையெழுத்தாகிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு, இரண்டும் ஒத்துநோக்கப்படுகின்றன. இம்முறையில் கிழவரின் முதுமையோ, அவர் வாய்ச்சொல்லின் கடுமையோ, நம்பியாரூரரின் செல்வமோ தலையிட இடமே இல்லை. இன்னொரு நயமும் உண்டு. எதிரியை இகழ வாய்க்கு வந்த பித்தன் என்னும் சொல்லே ஓலையினுள் உடையவர் பெயராய் எழுதப்பட்டிருந்தது. இகழ்ச்சியென்று எறிந்த கல் சான்றாய்த் திரும்பி வந்தது. பின்னர்ப் பதிகத்தின் முதற்சொல்லாகவும் ஆயிற்று.

எனினும் அவ்வவை குற்றமே இல்லாதது என்று கூறல் முகமன். பாட்டனாரின் எழுத்தாமோ எனப் பார்க்குமாறு நம்பியாரூரரை அவை பணித்தபோது, அதனைக் காணும் தகுதி இவனுக்கு உண்டோ எனக் கிழவர் தடுத்தார், அவையும் இசைந்தது. தனக்கு எதிரான ஆவணத்தைத் தான் பாராமலே ஒருவன் தோற்றான் என்பது முறைக்குச் சிறிது குறைவே. அவன் முன்னொன்றைக் கிழித்தவன் என்பது அதற்குக் காரணமாகலாம். ஆயின் அதனை அவை வெளிப்படச் சொல்லியிருத்தல் வேண்டும்.

தீர்ப்புக்குப் பின் எழுந்த வினாவே இப்பகுதியின் உச்சம். இவ்வூரினர் என்று ஓலை கூறுகின்றதே, உம் மனையைக் காட்டுக என்று அவையத்தார் கேட்டனர். எனவே அவர்களுள் எவரும் அவரை முன்னே அறியார். தம்மூரார் என்று சொல்லிக்கொண்ட அயலார் ஒருவர்க்கு வீடு எங்கே, உறவினர் யாவர் என்று கேளாமலே அவை வெற்றி வழங்கியிருக்கின்றது! அவ்வினா முதலில் எழுந்திருப்பின், ஊரறியாக் கிழவர் என்ற ஒன்றினாலேயே ஓலை விரிக்கப்படாமற் போயிருக்கும். வினாவைத் தீர்ப்புக்குப் பின்னே வைத்தது கதையின் சுவைக்காக மட்டும் என்பது போதாது. ஆளின் பின்புலம் வழக்கின் வாயிலை அடைக்கலாகாது என்னும் அமைச்சரின் தெளிவும் அதிலே உண்டு.

தில்லை வழக்கு இதற்கு மறுதலை. குயவனார் கைத்தொழிலாளர். கைத்தொழிலாளரும் கூத்தரும் சாட்சியாக்கத் தகார் என மனுமிருதி எட்டாம் அத்தியாயம் விதிக்கும் காலச்சூழல் அது. எதிரே நிற்பவரோ திருநீறணிந்த யோகியார். வைத்த ஓடு காணவில்லை என்று குயவனார் உண்மையையே கூறினார். மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுறுக என்றபோது அவர் தயங்கினார். திருநீலகண்டத்தின்மேல் மனைவியார் இட்ட ஆணையினால் அவரைத் தீண்டாது இளமை முதல் வாழ்ந்த செய்தியை அவையில் எங்ஙனம் சொல்வார்? அவையத்தாரோ, யோகியார் சொன்னவாறு மூழ்குதலே முறையென்றனர். ஏன் தயங்குகின்றீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. தயக்கம் பொய்யின் அடையாளம் என்பது அவர்கள் கேளாமலே கொண்ட முடிபு. மூங்கிற்கோலின் இருதலையை இருவரும் பிடித்துக் குளக்கரையில் நின்றபோதும் யோகியார் விடவில்லை. அதன்பின்னரே முழுதும் வெளிப்பட்டது. அவையில் ஒரு வினாவினால் வெளிப்பட வேண்டியது குளக்கரையில் ஊரறிய வெளிப்பட்டது.

இவ்விரண்டு அவைகளும் இன்றைய நீதிமன்றங்களுள் கலந்தே இருக்கின்றன. சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொள்ளும் பாங்கைப் பற்றி நீதிபதி இன்றியமையாதெனக் கருதும் குறிப்பைப் பதிவு செய்க என்று 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 280 ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அவ்விதியைக் கொண்டுள்ளது. தயங்கினார், வியர்த்தார் என்னும் குறிப்பு மேல்நீதிமன்றம் வரை செல்லும். தயக்கத்தின் காரணம் கேட்கப்படாவிடின் செல்லாது. மற்றொரு புறம், 1957 இல் வடிவேலுத் தேவர் வழக்கில் உச்சநீதிமன்றம், சாட்சிகளின் தொகை பெரிதன்று, ஒரே சாட்சியாயினும் முற்றும் நம்பத்தக்கதாயின் போதும் என்று கூறியது. அங்கே நம்பப்பட்ட அச்சாட்சி கொலையுண்டவரின் மனைவியே. உறவென்னும் பின்புலம் அவள் சொல்லைக் கெடுக்கவில்லை. வெண்ணெய்நல்லூர் நெறி இது.

தில்லையவையிற் கண்ட குறை பன்மடங்கு பெருகித் தோன்றியது கீழவெண்மணியில். 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் அச்சிற்றூரில் குடிசையொன்றில் 44 பேர் எரிந்து மாண்டனர். பெண்டிரும் பிள்ளைகளுமே பெரும்பாலோர். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970 இல் நிலவுடைமையாளர் சிலரைத் தண்டித்தது. 1973 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வரும் மகிழுந்து உடையவருமாகிய நிலக்கிழார் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீயிட்டனர் என்பது நம்பற்கரிது என்பது அங்கே கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. கண்டோம் என்ற கூலியாட்களின் சொல் ஒரு தட்டில்; எதிரிகளின் செல்வநிலை மறுதட்டில். ஓலையை விரித்துப் பாராமல் குடையையும் தண்டையும் பார்த்து முடிவுசெய்வது வேறு எதுவாகும்?

சேக்கிழார் அவதரித்த குன்றத்தூர்க்குத் தென்மேற்கே நெடுந்தொலைவில்லாது இருப்பது வல்லக்கோட்டை. அருணகிரிநாதர் திருப்புகழிற் கோடைநகர் என வழங்கும் முருகன் தலம். அதனை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கங்களில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே வாழ்கின்றனர். எந்திரத்தில் உடன்தொழிலாளியின் கை சிக்கியதையோ, சாலையில் ஒருவன் வண்டியிற் சிதைந்ததையோ கண்ணாற் கண்டவர் பலகாலும் இவர்களே. வேற்று மொழியிற் சொல்லப்பட்ட சாட்சியத்தை இயலுமாயின் அம்மொழியிலேயே எழுதுக, இயலாதாயின் உண்மையான மொழிபெயர்ப்பை எழுதுக என்பது சட்டம். மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேடி நிற்கும் இடைவெளியும், சாட்சி தானே தயங்கிய இடைவெளியும் நீதிபதியின் செவிக்கு ஒன்றுபோலவே கேட்கும். மேலும் அவருக்கு ஊரில் மனையில்லை, அறிந்தாரில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த மாதம் எங்கிருப்பார் என்பதும் தெரியாது. உம் வீடு எங்கே என்னும் வினா அவரிடத்தில் முதலிலேயே கேட்கப்படுகின்றது. வெண்ணெய்நல்லூரில் அது ஓலை முழுதும் படித்து முடித்த பின்னரே கேட்கப்பட்டது.