ஒரு வளைவுக்கு எத்தனை விடை?

டெக்சாஸின் பெர்மியன் படுகையில் ஒரு கிடைக்கிணறு, ஆழத்தில் திரும்பி, இரண்டு மூன்று கிலோமீட்டர் படுக்கையாக ஓடும். நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்தி, வழிநெடுகப் பாறையைப் பிளக்கிறார்கள். முப்பது ஆண்டில் அது எவ்வளவு எண்ணெய் தரும் என்பதை முதல் ஓரிரு ஆண்டு உற்பத்தியை வைத்தே கணித்தாக வேண்டும். கடன் கொடுப்பவர் கேட்பது அதைத்தான். எந்த மாதிரியை நம்புவது?

1945இல் ஆர்ப்ஸ் வெளியிட்ட சரிவு வளைவு இன்றும் ஓயவில்லை. பாறையைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை, மூன்று எண்கள் போதும். அவற்றில் ‘பி’ என்ற அடுக்கு, மரபான கிணறுகளில் பெரும்பாலும் 0க்கும் 1க்கும் இடையே இருக்கும். இப்படிப் பிளக்கப்படும் ஷேல் பாறைக் கிணறுகளின் தொடக்கத் தரவிலோ 2ஐ ஒட்டி வருவதுண்டு. அது அளவீட்டுப் பிழை அல்ல. கிணற்றடி அழுத்தம் மாறாதிருக்க, பிளவுச் சுவரை நோக்கிப் பாய்மம் நேராக வந்தால், உற்பத்தி வீதம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறையும். அதை ஆர்ப்ஸ் வாய்பாட்டில் எழுதினால் பி 2தான். தொடக்கக் கட்டத்துக்கு மட்டும் உரிய அந்த 2ஐ முப்பது ஆண்டுக்கும் நீட்டுவதில்தான் கோளாறு. பி 1ஐத் தொட்டாலே மொத்த உற்பத்திக்கு வரம்பில்லை. பூமியில் இல்லாத எண்ணெயும் கணக்கில் ஏறிவிடும். இதற்காக ஒரு கட்டத்தில் வளைவின் வாலை வெட்டுகிறார்கள். எங்கே வெட்டுவது என்பது வெட்டுபவர் விருப்பம்.

பாட்செக், மேல், மார்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் தந்த விடை இதைவிட நேர்மையானது. பக்கத்துப் பக்கத்துப் பிளவுகளின் அழுத்தச் சரிவு ஒன்றையொன்று தொடும்வரை வர்க்கமூல விதி. தொட்டபின் அடுக்குக்குறிச் சரிவு. பார்னெட் ஷேலில் 2,057 கிணறுகளில் இதைச் சரிபார்த்தார்கள்; தொடும் காலம் சுமார் 5 ஆண்டு. அந்தக் காலம் பிளவு இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளியைப் பாதியாக்கினால் முதல் மாதங்களின் உற்பத்தி துள்ளும், ஆனால் சரிவு நான்கில் ஒரு பங்கு காலத்திலேயே வந்துவிடும். முதலாண்டு எண்ணைக் காட்டி இருப்பு கூடிவிட்டது என்பவர்கள் இந்த வர்க்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பார்னெட் எரிவாயு வயல். எண்ணெயில் அழுத்தம் குமிழிநிலைக்குக் கீழே இறங்கியதும் கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெயின் வழியை மறிக்கும். ஒற்றைப் பாய்மக் கோட்பாடு அங்கே தள்ளாடும். அதனால் கணினி உருவகிப்பு தேவைப்படுகிறது. ஆனால் அதற்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பாய்மம் நேராக வரும் தொடக்கக் கட்டத்தின் தரவு, பிளவுப் பரப்பையும் ஊடுருவுதிறனின் வர்க்கமூலத்தையும் பெருக்கிவந்த ஒரே எண்ணைத்தான் சொல்லும். அகன்ற பிளவுப் பரப்பும் இறுகிய பாறையுமோ, குறுகிய பரப்பும் சற்றே தளர்ந்த பாறையுமோ, இரண்டும் அந்த வளைவில் பொருந்தும். அடுத்த கிணற்றை எவ்வளவு தள்ளித் தோண்டுவது என்று கேட்டால்தான் இரண்டும் இரு வேறு விடை சொல்லும். பொருத்தம் அழகாக வந்தது என்பது சான்றாகாது. டெக்சாஸின் ரீகன் கவுண்டியில், பிளந்த பாறையை ஊடுருவிச் சுமார் 600 அடி பாறைமாதிரி எடுத்தபோது தென்பட்டவை நூற்றுக்கணக்கான பிளவுகள், பல இடங்களில் கொத்துக் கொத்தாக. உருவகிப்புகளிலோ பெரும்பாலும் சம இடைவெளியில் ஒழுங்கான தகடுகள்தான்.

ஆகவே, பிளவுகள் ஒன்றையொன்று தொட்டதற்கான அறிகுறி தரவில் தெரியாதவரை ஆர்ப்ஸ் வளைவை இருப்புக் கணக்குக்கு ஏற்க மாட்டேன். மொத்த உற்பத்திக்கு வர்க்கமூலக் கோட்பாடு போதும், தொடும் காலத்தை ஒற்றை எண்ணாக அன்றி ஒரு வீச்சாகத் தந்தால். குமிழிநிலைக்குக் கீழே அந்த வீச்சு இன்னும் அகல வேண்டும். கிணற்று இடைவெளியையும் அழுத்த மேலாண்மையையும் ஒப்பிட உருவகிப்பை ஏற்கலாம். அதுவும், தரவோடு பொருந்தும் பல மாற்று மாதிரிகளையும் சேர்த்து மேசையில் வைத்தால் மட்டும்.