பின்னைத் திறந்து பார்த்தால்

திருவிழாவுக்கு மைக் செட் வந்து இறங்கினால் ஊர்க் கண் முதலில் குழாய்மேல் போகும், பிறகு ஆம்ப்ளிஃபயர்மேல். ஒயர் நுனியில் தொங்கும் பின்னை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அத்தனை ஒலிக்கருவிகளிலும் ரசிக்கத்தக்க வேலைப்பாடு அதிகம் இருப்பது அந்தப் பின்னில்தான் என்பது என் கட்சி. அதை வாதாடக் கந்தர்வக்கோட்டை நல்ல களம். தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றிச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் இந்த வட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் நடக்கிறது. புழுதி பறக்கும் திடலில் வர்ணனை சொல்பவர் மைக்கை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் போவார். ஒயரை ஆட்கள் மிதிப்பார்கள். வெயிலில் அதன் உறை இளகும். மறுநாள் அதே ஒயர் ஒரு காதுகுத்துக்குப் போகும். ஆய்வகத்தில் எத்தனை ஆயிரம் தடவை செருகிப் பார்த்தார்கள் என்ற கணக்கு இந்தப் பிழைப்பை அளக்காது. பின் என்றாவது கெடத்தான் போகிறது. எந்த இடத்தில் கெடுகிறது, அந்த இடத்தைக் கடைத்தெருவில் ஒருவர் கால்மணி நேரத்தில் திறந்து சரிசெய்து மூட முடிகிறதா என்று பார்த்துத்தான் அதன் உழைப்பை மதிப்பிட வேண்டும்.

கடையில் ‘பி-38’ என்று கேட்டு வாங்கும் கால் அங்குலப் பின்னிலிருந்து தொடங்கலாம். 6.35 மில்லிமீட்டர் விட்டம். பாட்டுக்காகப் பிறந்தது அல்ல அது. 1878-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறந்ததைத் தொடர்ந்து வந்த சுவிட்ச்போர்டுகளுக்காக உருவான வடிவம். ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செருகி, உருவி, வேறு துளையில் செருகிக்கொண்டே இருந்தார்கள். உருண்டைத் தண்டுக்கு மேல், கீழ் கிடையாது; எப்படிப் பிடித்தாலும் நுழையும். நுழைந்த பிறகும் சுழலும், ஆகவே ஒயர் முறுக்கேறாது. தண்டின் நுனிக்குப் பின்னால் ஒரு சிறு கழுத்து உண்டு. சாக்கெட்டுக்குள் இருக்கும் வில்தகடு அந்தக் கழுத்தில் போய் அமரும்போது ‘க்ளக்’ என்று கைக்குத் தெரிகிறது. பூட்டு இல்லை, ஆனாலும் தானாகக் கழன்று விழாது. யாராவது தடுக்கி விழுந்தால் மட்டும் கழன்று ஆளையும் கருவியையும் காப்பாற்றும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு முறை செருகும்போதும் வில்தகடு தண்டை உரசிக்கொண்டே போகிறது. அந்த உரசலில் மேலே படிந்த ஆக்சைடும் அழுக்கும் வழித்தெடுக்கப்படுகின்றன. பயன்படுத்துவதே துடைப்பதாக ஆகிவிடுகிற பொருள்கள் உலகில் அதிகம் இல்லை. குறையும் உண்டு: உள்ளே போகிற வழியில் நுனி மற்ற தகடுகளையும் தொட்டுவிட்டுத்தான் போகும். குழாயில் ‘டப்’ என்று அடிக்கும் சத்தம் அதுதான். வால்யூமைக் குறைத்துவிட்டுச் செருகு என்று மைக் செட்காரர் பையனை அதட்டுவதும் அதற்காகத்தான்.

இந்த வடிவத்தைச் சுருக்கி 3.5 மில்லிமீட்டர் ஆக்கியபோதுதான் அது கையடக்கக் கருவிகளின் பின் ஆனது. டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் அதை ஏற்றன. 1979-இல் வந்த சோனியின் முதல் வாக்மேனில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு சாக்கெட்டுகளே இருந்தன. சுருங்கியதில் மின்சாரக் கணக்கு எதுவும் கெடவில்லை. கெட்டது நெம்புகோல் கணக்கு. மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயரில் ஒயரை யாரும் பக்கவாட்டில் வளைப்பதில்லை. சட்டைப் பையில் இருக்கும் போனிலோ நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பின் ஒவ்வொரு குனிவிலும் நெம்பப்படுகிறது. அந்த விசை சாக்கெட்டைப் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப் பற்றில் போய்ச் சேருகிறது. ‘ட’ வடிவில் மடங்கிய பின்னை ஒருவர் யோசித்தது அழகுக்காக அல்ல. நெம்பும் தூரத்தைக் குறைப்பதற்காக. அப்படியும் இயர்போன்களில் பெரும்பாலானவை பின்னிலோ சாக்கெட்டிலோ சாவதில்லை. கிணற்றுக் கயிறு கப்பியில் மடங்கும் இடத்தில் நைந்துபோவதுபோல, ஒயர் பின்னுக்குள் நுழையும் அந்த அரை அங்குலத்தில்தான் சாகின்றன. விறைப்பான பொருளும் வளையும் பொருளும் சந்திக்கும் எல்லையில் வளைவு முழுவதும் குவிகிறது. செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஒரு காதில் பாட்டு வந்து போகும், ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மறுபடி வரும். நல்ல வடிவமைப்பாளர் தங்க முலாம் பற்றி யோசிப்பதற்கு முன்பு இந்த எல்லையைப் பற்றி யோசிப்பார். விறைப்பு படிப்படியாகக் குறையும்படி நெளிந்து கொடுக்கும் வால் ஒன்றைப் பின்னுக்கு வைப்பார். ஒயரை இழுத்தால் அந்த இழுப்பு உறையில் நிற்க வேண்டும், ஈயம் வைத்த புள்ளிக்குப் போகக் கூடாது என்று பார்ப்பார்.

இங்கே கட்டுமானம் பற்றிய கேள்வி வருகிறது. தொழிற்சாலைப் பின்கள் உருக்கி வார்த்த பிளாஸ்டிக்குக்குள் மூடப்பட்டவை. அறுத்து எறிவதைத் தவிர வழியில்லை. மறைத்திருகி உறை கொண்ட பின் அப்படி இல்லை. உறையைச் சுற்றினால் கழன்று வரும். உள்ளே ஈயம் வைக்க இரண்டோ மூன்றோ காதுகள். அவற்றுக்குப் பின்னால் ஒயரை அணைத்துப் பிடிக்க மடித்துவிடும் ஒரு தகட்டு நாக்கு. செல்போன் சர்வீஸ் கடைக்காரர் நைந்த இடத்தை வெட்டிவிட்டு, உறையை முதலில் ஒயரில் கோத்துக்கொள்வார். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய வேடிக்கை. பிறகு மயிரிழை போன்ற நிற இழைகளைப் பிரிப்பார்: பெரும்பாலும் சிவப்பு வலக் காது, பச்சையோ நீலமோ இடக் காது, செம்பு நிறம் பொது இழை. இழைகளின்மேல் அரக்குப் பூச்சும் நடுவே வலுவுக்காக நைலான் நூலும் இருப்பதால் சுரண்டினால் அறுந்துவிடும்; சூடான ஈயத் துளிக்குள் நுனியை அமிழ்த்திப் பூச்சை எரித்தெடுக்க வேண்டும். வேண்டியவை ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம், நிதானமான கை. மைக் ஒயரின் மூன்று முள் பின்னில், அதாவது இங்கே ‘கேனன் பின்’ எனப்படுவதில், இந்தக் கட்டுமானக் கலை இன்னும் உயரத்துக்குப் போயிற்று. பழைய வகைகளில் பொடித் திருகாணிகள் இருந்தன. புழுதித் திடலில் ஒன்று கைதவறி விழுந்தால் அதோடு சரி. லீச்டென்ஸ்டைன் நாட்டில் 1975-இல் தொடங்கிய நியூட்ரிக் நிறுவனம் திருகாணியே இல்லாமல் நான்கே துண்டுகளில் அதைச் செய்து காட்டியது. கடைசித் துண்டைத் திருகும்போதே உள்ளே இருக்கும் பற்றுக்குழல் ஒயரை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. மூடுவதும் இழுப்பைத் தாங்குவதும் ஒரே அசைவில் முடிகின்றன. அதைவிடப் பழைய நுட்பம் ஒன்றும் அந்தப் பின்னில் உண்டு: செருகும்போது தரை (எர்த்) இணைப்புக்கான முள்தான் முதலில் தொடும்படி இருக்கும், ஆகவே ‘டப்’ சத்தம் எழாது. பி-38 விட்ட குறையை வேறொருவர் வடிவத்தாலேயே தீர்த்திருக்கிறார்.

சின்னப் பின்னைப் புகழ்ந்துகொண்டே போனால் அதன் அவமானத்தை மறைத்ததாகும். பாட்டோடு பேச்சும் வேண்டும் என்று மூன்று வளையத்தை நான்காக்கினார்கள். ஆக்கியவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரு கூட்டம் மைக்கை மூன்றாவது வளையத்திலும் தரையை அடியிலும் வைத்தது. இன்னொரு கூட்டம் அதைத் திருப்பி வைத்தது. ஒரு வகை ஹெட்செட்டை மற்ற வகைப் போனில் செருகினால் தரை இணைப்பு கிடைக்காமல் இரண்டு காதுகளுக்கும் இடையேயான வித்தியாசம் மட்டும் கேட்கும். பாடல் பதிவில் குரல் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அது அழிந்துபோய், பக்கவாத்தியம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒலிக்கும். ஹெட்செட்டின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாடகர் திரும்பி வருவார், ஏனெனில் அந்தப் பொத்தான் மைக் இழையைத் தரையோடு சேர்க்கிறது. ஆயிரக்கணக்கானோர் நல்ல ஹெட்செட்டைக் கெட்டது என்று எறிந்திருப்பார்கள். இது வடிவத்தின் பிழை அல்ல, மனிதர்கள் பேசி முடிக்காததன் பிழை என்று தப்பித்துக்கொள்ளலாம். நான் அப்படித் தப்பிக்க விரும்பவில்லை. எதையும் எதிலும் செருக விடுகிற தாராளம்தான் தப்பான இணைப்பையும் வாய் பேசாமல் அனுமதித்தது.

இனி, போனில் ஒலிச் சாக்கெட்டே வேண்டாம் என்பவர்களின் எதிர்வழக்கு. முதல் வாதம் ஆயுள்: யூஎஸ்பி-சி பின் 10,000 தடவை செருகுவதைத் தாங்கும் என்று அதன் வரையறை சொல்கிறது, 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள் பலவற்றுக்கு 5,000 என்றுதான் குறிக்கிறார்கள். நாளுக்கு நான்கு தடவை என்றால் மூன்றரை ஆண்டுக் கணக்கு. எண்ணிக்கையில் பழையது தோற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூஎஸ்பி-சியில் 24 தொடுமுனைகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. ஒயர் நைந்தால் சாதாரண அயர்னைக் கொண்டு கையால் ஈயம் வைக்க அங்கே இடமே இல்லை. துளைக்குள் செம்மண் போய் நடு நாக்கு உடைந்தால் பாட்டோடு சார்ஜும் போயிற்று. இரண்டாவது வாதம் தண்ணீர்: சாக்கெட் இருந்தால் போனுக்குள் ஈரம் புகும் என்றார்கள். சாம்சங் 2019-இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்10 தண்ணீர் தாங்கும் உயர் தரச் சான்றோடும் அதே சாக்கெட்டோடும்தான் வந்தது. சாக்கெட்டையே அடைத்த கிண்ணமாகச் செய்தால் போதும். ஆப்பிள் 2016-இல் ஐபோன் 7-இலிருந்து சாக்கெட்டை எடுத்தபோது சொன்ன காரணங்களில் எனக்கு நேர்மையாகப் படுவது இடம் ஒன்றுதான்: பின் பதினாலு மில்லிமீட்டர் ஆழம் கேட்கிறது, அந்த இடத்தில் வேறு பலவற்றை வைக்கலாம். மூன்றாவது, ஒயரே இல்லாத இயர்பட்ஸ். நைய ஒயர் இல்லை, நெம்பப் பின் இல்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு அதன் சௌகரியத்தை மறுப்பது வீம்பு. ஆயினும் ஒவ்வொரு காதிலும் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி ஒட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளில் அது தளரும். தளர்ந்தால் மாற்றித்தர வழி பெரும்பாலும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமையையே கொள்கையாகக் கொண்ட ஃபேர்ஃபோன்கூட 2021-இல் தன் நான்காவது போனிலிருந்து ஒலிச் சாக்கெட்டைக் கழற்றியது. அதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஒயருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. போனில் எஃப்எம் கேட்க இயர்போன் செருகியே ஆக வேண்டும் என்று கேட்டு எரிச்சல்பட்டவர்கள் உண்டு. திருச்சியின் 102.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் பங்கு முக்கால் மீட்டருக்கு நெருக்கம். ஒரு மீட்டர் சொச்சம் நீளமுள்ள இயர்போன் ஒயர் அந்த அலையைப் பிடிக்கப் போதுமானது. ஆகவே அதையே ஏரியலாக்கினார்கள். வெளியே போகும் பாட்டையும் உள்ளே வரும் வானொலி அலையையும் சின்னஞ்சிறு சுருள் ஒன்றால் பிரித்துவிட்டு, ஒரே இழையில் இரண்டையும் ஓடவிட்ட சிக்கனம் அது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல் இந்த வட்டாரத்து முந்திரியையும் தென்னையையும் மட்டுமா சாய்த்தது? மின்கம்பங்களும் விழுந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. கோபுரத்தின் தயவு இல்லாமல் செய்தி சொல்லக்கூடியது வானொலி. 2023-இல் ஒன்றிய மின்னணுத் துறை அமைச்சகம், பேரிடர்களைக் காரணம் காட்டி, போன்களில் எஃப்எம் வசதியை முடக்காமல் வைத்திருக்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. வசதியை முடக்காமல் வைக்கலாம், செருக ஒயர் இல்லாவிட்டால் அலையை எதால் பிடிப்பது என்ற கேள்விக்கு மறுபடி பின்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு நியாயமான முணுமுணுப்பு: கடைத்தெருவில் கிடைக்கும் மலிவுப் பின்கள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லையே, இதில் என்ன வேலைப்பாடு? உண்மை. அவற்றில் தண்டு மெல்லிய முலாம் பூசிய மட்ட உலோகம். வளையங்களுக்கு நடுவே இருக்கும் காப்பு பிளாஸ்டிக் ஈயம் வைக்கும் சூட்டிலேயே இளகி, நுனி ஆட ஆரம்பித்துவிடும். வடிவம் எவ்வளவு நல்லதானாலும் மட்டமான சரக்கைக் காப்பாற்றாது. ஆனால் பின்னில் வேற்றுமையைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம். உறையைத் திருகிப் பாருங்கள். மறை உலோகமாக இருந்து வழுக்காமல் கழன்றால் பாதி நம்பலாம். உள்ளே ஒயரைப் பிடிக்கும் நாக்கு தடித்த தகடா, விரல் நகத்தால் மடிகிற தகரமா என்று பாருங்கள். நுனியைப் பிடித்துத் திருகினால் அசையக் கூடாது. உறையின் வாயில் வில்சுருளோ ரப்பர் வாலோ இருக்க வேண்டும். ஒயரின் தடிமனுக்கு அது பொருந்தவும் வேண்டும், இல்லையென்றால் சூடுபட்டால் சுருங்கும் குழலை அடுக்காகப் போட்டுத் தடிமன் கூட்டிக்கொள்ளலாம். போன் வாங்குகிறவர்கள் சர்வீஸ் கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: ஒலிச் சாக்கெட் தாய்ப்பலகையிலேயே ஈயம் வைக்கப்பட்டதா, சார்ஜ் துளையோடு சேர்ந்த தனிச் சிறு பலகையில் இருக்கிறதா? தனிப் பலகை என்றால் அதை மட்டும் மாற்றிவிடலாம். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது, விலை உயர்ந்தவற்றில் கேட்பதற்குச் சாக்கெட்டே இல்லை.