படம் இருக்கிறது, பெயர் எங்கே?

டிஜிட்டல் ஆவணகம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புத்தகங்கள்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் அந்த நெருப்புக்கு ஈழத் தமிழர்கள் சொன்ன பதில். மண்டைக்காட்டில் இருந்துகொண்டு நான் ஈழச் சிற்றிதழ்களைப் படித்ததெல்லாம் அதில்தான். அந்த நன்றியோடு ஒரு கேள்வியும் இருக்கிறது. எழுத்தைக் காப்பாற்றிய அதே வழியில் ஓவியத்தையும் காப்பாற்றிவிட முடியுமா?

ஒரு நாவலை ஸ்கேன் செய்தால் நாவலின் பெரும்பகுதி நம் கைக்கு வந்துவிடும். தாள் பழுப்போ வெள்ளையோ, கதை மாறப்போவதில்லை. ஓவியம் அப்படியல்ல. ஆறடி கேன்வாஸும் அஞ்சலட்டையில் போட்ட கோட்டோவியமும் போன் திரையில் ஒரே சைஸ். ஒரு திரையில் செம்மண் நிறமாகத் தெரிவது இன்னொன்றில் ஆரஞ்சு. இதையெல்லாம்கூட ஓரளவு சமாளிக்கலாம்: படத்தோடு நிற அட்டையையும் அளவுகோலையும் சேர்த்து எடுக்கலாம், அளவை எழுதிவைக்கலாம். பெரிய சிக்கல் வேறு. எழுத்துக்குள் தேடுவதற்குச் சொல் இருக்கிறது, படத்துக்குள் இல்லை. யார் வரைந்தார், எப்போது, எதன்மேல், யார் வீட்டுச் சுவரில் இருந்தது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும். எழுதாவிட்டால் அது ‘ஐஎம்ஜி 0347’. சர்வரில் பத்திரமாக இருக்கும், யாருக்கும் கிடைக்காது.

பெரிய நாடுகளுக்கு இது அவ்வளவு அவசரமில்லை. மூல ஓவியம் மியூசியத்தில் இருக்கிறது, ஸ்கேன் அதன் நகல். ஒரு சிறிய தேசத்துக்கு, அதுவும் அரசு இல்லாத தேசத்துக்கு, நகலே சிலசமயம் மிச்சம். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கானவர்கள் கைப்பையோடு நடந்தார்கள். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் போட்ட ஓவியத்தை எப்படித் தூக்குவது?

இந்த இடத்தில்தான் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011) எனக்கு முக்கியமாகிறது. ஓவியர் மாற்குவிடம் கற்றவர் சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். தோம்பு என்பது காலனி ஆட்சிக்காலக் காணிப் பதிவேடு. யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று ஆள்பவன் எழுதிவைத்த கணக்கு. சனாதனன் அந்த வடிவத்தை எடுத்துத் திருப்பிப் போடுகிறார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைகிறார்கள். அந்தக் கைப்படத்துக்கு அடுத்து, கட்டடக் கலைஞர் அதை அளவோடு வரைந்த படம். அதற்கு அடுத்து சனாதனனின் ஓவியம். கூடவே அந்த வீட்டைப் பற்றிய சொற்கள்.

கட்டடக் கலைஞரின் நேர்கோடு வந்ததும் வீடு ‘சரியாகிவிடுகிறது’. ஆனால் நடுங்கிய கோட்டில்தான் கிணறு அறையைவிடப் பெரிதாக இருக்கமுடியும், ஒரு மரம் வீட்டையே மறைத்துக்கொண்டு நிற்கமுடியும். நேர்கோடு அதைத் திருத்திவிடும். நல்ல ஆவணகம் இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதையே இந்தப் புத்தகத்தின் அமைப்பு சொல்கிறது என்று நினைக்கிறேன். தலைப்பிலேயே ‘முற்றுப்பெறாத’ என்று போட்டது தன்னடக்கத்துக்காக இல்லை. ஒரு வீட்டின் பதிவு முடிந்துவிட்டது என்று யார் சொல்லமுடியும்? எனக்குள்ள குறை ஒன்றுதான். பதிவேட்டின் சாயலில், கையில் எடுத்துப் புரட்டவேண்டிய பொருளாகச் செய்த புத்தகம் இது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டால் அந்தப் புரட்டல் போய்விடும். அதற்கென்று தனியாக ஒரு திரை வடிவம் யோசிக்கவேண்டும்.

இது எங்கேயோ நடக்கிற சங்கதி என்று நாஞ்சில் நாட்டுக்காரன் இருந்துவிட முடியாது. எங்கள் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தி பேசும் கணிகர்கள் தமிழில் ராமாயணம் நடத்திய கலை அது; அ.கா. பெருமாள் பல ஆண்டுகள் அலைந்து பதிவுசெய்திருக்கிறார். பாவையை மேஜைமேல் வைத்து மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வருவது காய்ந்த ஆட்டுத்தோல். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் அதில் சாயம் எரியும், துளைகள் நகையாகும். அப்படி எடுக்காத படங்களையே இணையத்தில் அதிகம் பார்க்கிறேன். கீழே ‘நிழற்பாவை, தென்னிந்தியா’. அவ்வளவுதான். அனுமனா அங்கதனா, எந்தக் குடும்பம் வெட்டியது, எந்த ஊரில் ஆடியது, ஒன்றும் கிடையாது.

2021 ஜூன் 2 அன்று மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலின் கருவறைக் கூரை தீப்பிடித்தது. கூரை முன்பு எப்படி இருந்தது என்று பிறகு தேடிப்பார்த்தேன். மாசிக் கொடைக்கு வருகிற கூட்டம் எவ்வளவு, எத்தனை போன்! எனக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ ஒருவர் தலைக்குப் பின்னால் தெரிகிற கூரை. படங்கள் குறைவில்லை. அந்தக் கூரைக்காக எடுத்த படம்தான் இல்லை.

ஆகவே ஆவணக வேலையை ஸ்கேனர் வைத்திருப்பவர்களின் வேலை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதில் பாதி விமர்சகரின் வேலை: பார்ப்பது, பெயர் சொல்வது, எந்தக் கோட்டைத் திருத்தக்கூடாது என்று சொல்வது. அதைத் தமிழில் எழுதிவைப்பது. ஆங்கிலக் குறிப்பு மட்டும் இருந்தால் பாவை செய்தவரின் பேரப்பிள்ளைக்கே அது கிடைக்காமல் போகலாம். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடவேண்டும். படத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஸ்கேன் செய்யலாம், சொல்ல ஆள் இருக்கவேண்டுமே.