28-ம் தேதி பர்ஸ்

'புயல் வருதுன்னு தெரிஞ்சும் ஏன்யா அங்கேயே உட்கார்ந்திருந்தாங்க?' டி.வி. முன்னால் உட்கார்ந்து நாம் சுலபமாகக் கேட்டுவிடுவோம். ஸ்பைக் லீ எடுத்த 'வென் த லெவீஸ் ப்ரோக்' (2006) டாகுமென்டரியைப் பார்த்தால், கேட்டதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

2005-ல் கத்ரீனா புயலில் மூழ்கிய அமெரிக்க நகரம் நியூ ஆர்லியன்ஸ். தப்பியவர்கள் காமிரா முன் பேசுகிறார்கள், அழுகிறார்கள், ஜனாதிபதி வரை திட்டுகிறார்கள். இடையில் புகுந்து விளக்கும் பின்னணிக் குரல் இல்லை. அதுதான் படத்தின் பலம்.

வெள்ளத் தடுப்புக் கரைகளை வெடி வைத்து உடைத்தார்கள் என்ற வதந்திக்கும் லீ நிறைய இடம் தருகிறார். 1927 வெள்ளத்தில், நகரத்தைக் காப்பாற்ற வேறிடத்தில் நிஜமாகவே கரையைத் தகர்த்தார்கள், சந்தேகம் புரிகிறது. ஆனால் என் பி.காம். புத்தி தேடியது வேறு கணக்கு.

'எல்லோரும் வெளியேறுங்கள்' என்று மேயர் கட்டாய உத்தரவு போட்டது ஆகஸ்ட் 28, ஞாயிறு காலை. மறுநாள் விடிகாலை புயல் கரையைக் கடந்துவிட்டது. 24 மணி நேரம்கூட இல்லை. கார் இல்லாதவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அதுவும் மாசக் கடைசி! உதவித்தொகையில் வாழ்கிறவரின் பர்ஸில் 28-ம் தேதி என்ன இருக்கும்? பெட்ரோல், லாட்ஜ், சாப்பாட்டுக்கு எங்கே போவார்?

சரி, பஸ்? பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாகத் தண்ணீரில் நின்றன.

நாலு மணி நேரப் படம். இரண்டு நாளாகப் பிரித்தாவது பார்த்துவிடுங்கள்.