கிறிஸ்தவர் வேதவாக்கியங்களுக்குப் பொருள்கொள்ளு முறை

விவிலியத்தின் எவ்வாக்கியத்தைச் சொற்கிடந்தவாறே கொள்வது, எதனைக் குறிப்பாகக் கொள்வது என்பதில் கிறிஸ்தவர் தம்முள் ஒருமைப்பட்டவரல்லர். இதற்குச் சான்று திண்டுக்கல்லிலேயே உண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் 1834-இல் மதுரையில் கிளை தொடங்கிப் பின்பு திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தனர். அவர்வழிச் சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையுட் கலந்தன. கத்தோலிக்கரும் அந்நகரில் நெடுங்காலமாக உளர். இறுதி இராவுணவில் அப்பத்தைத் தம் உடலென இயேசு கூறியதைக் கத்தோலிக்கர் உள்ளவாறே கொள்வர்; அமெரிக்க மிஷன் மரபினர் அடையாளமென்பர். உருவஞ் செய்து வணங்குதலை விலக்கும் யாத்திராகமக் கட்டளையிலோ நிலை மாறுகின்றது. ஈண்டுப் பின்னவர் சொல்லைப் பற்றி நிற்ப, முன்னவர் அது பொய்த்தெய்வ வணக்கத்தையே விலக்கிற்று எனப் பிரிப்பர். சொல்லே பொருளைத் துணிவிப்பதாயின் இம்மாற்றம் நிகழாது. 1529-இல் மார்பர்க்கில் லூத்தரும் சுவிங்கிலியும் பிணங்கியதும் அந்த அப்ப வாக்கியம் பற்றியே.

இவர் விதியின்றி வேண்டியவாறு கொள்வர் எனின், அற்றன்று. நல்லொழுக்கத்தோடும் மெய்விசுவாசத்தோடும் இயையாத வாக்கியம் குறிப்புமொழி என்பது அகஸ்தீன் வகுத்த விதி. மோசேயின் கிரியைகள் வரவிருந்தவற்றின் நிழல் என்பது எபிரெயர் நிருபத்தின் கொள்கை. 1646-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சபையார் அப்பிரமாணத்தை ஒழுக்கம், சடங்கு, நீதிமுறை என மூன்றாக வகுத்தனர். ஆயின் இப்பகுப்பு மோசேயின் நூலிற் பெயரிட்டுக் காட்டப்படவில்லை. பத்துக் கட்டளையுள் ஒன்றாகிய ஓய்வுநாள், வாரத்தின் ஏழாம் நாளினின்றும் முதல் நாளுக்கு மாறிற்று. இரத்தம் விலக்குக என்பது புதிய ஏற்பாட்டிலேயே, அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் விதிக்கப்பட்டது. அதனையும் மேலைச் சபையார் பெரும்பாலும் அக்காலத்து ஏற்பாடென விடுத்தனர்.

ஆறுமுகநாவலர் பற்றிய இடம் இதுவே. பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்திற்குத் துணைநின்று அந்நூலைத் துருவிக் கற்றவர் அவர். 1854-இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில், பாதிரிமார் இகழும் கோயிற்கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் பழைய ஏற்பாட்டிலும் தேவகட்டளையாக உள்ளமையை எடுத்துக் காட்டினார். தம் நூலின் தூபத்திற்கும் பலிக்கும் உட்பொருள் தேடுவோர், சிவாகமத்துத் தூபதீபங்களை மட்டும் வெறும் புறத்தொழிலென இகழ்தல் நடுவுநிலை ஆமோ? எனினும் அவ்வொப்புமை செல்லும் எல்லையும் அறியற்பாலது. அக்கிரியைகள் விதிக்கப்பட்டன என்பதைக் கிறிஸ்தவர் மறுப்பவரல்லர். கிறிஸ்துவால் முற்றுப்பெற்றன என்பர். ஆகலின் நாவலர் வாதம் இகழ்ச்சியைக் களைவது. நிழற்கொள்கையைத் தகர்க்க அது மட்டும் போதாது. இவ்வேறுபாட்டை உணராது நாவலர் பெயரை மேடைதோறும் முழக்குவோர் அந்நூலைப் படித்தாரல்லர் போலும்.

சைவர்க்கும் இவ்வினா உண்டு. கங்கைக்கண் இடைச்சேரி என்புழி நீரிற் சேரி நில்லாமையின் கரையெனக் கொள்ளுதல் எளிது. அத்துவிதம் என்புழி அத்துணை எளிதன்று. இன்மைப்பொருள் கொண்டு ஏகமென்பாரும், அன்மைப்பொருள் கொண்டு பிரிப்பின்மை என்பாரும் இலக்கணத்தையே துணைக்கொள்வர். சைவர்க்கு அதனைத் துணிவித்தது மெய்கண்டார் வழிவந்த ஆசிரிய மரபு. இனி, முப்புரத்தை மும்மலமெனத் திருமூலர் காட்டினார். திருவதிகையோ அப்புரம் எரித்த வீரட்டமாகவே இன்றும் வழிபடப்படுகின்றது. சைவர் இவ்விரண்டனுள் ஒன்றையும் விடுத்திலர். ஆறுநாட் படைப்பைச் சொல்லளவில் வைத்து நகைக்கும் சைவர், அதற்கும் உட்பொருள் உண்டென்பாரை மறுக்குமுன், திருவதிகையிற் கொண்ட நியாயம் அங்கு ஏன் செல்லாதென்று காட்டுதல் வேண்டும்.